வீக் டி தாய்மார்களுக்கு ஒரு மரபணுப் பரிசோதனை: தேசிய இரத்தமாற்றக் கவுன்சிலுக்குத் திறந்த மடல்

தேசிய இரத்தமாற்றக் கவுன்சில் உறுப்பினர்களுக்கும், மாநிலக் கவுன்சில்களில் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் வணக்கம்.

நான் தமிழ்நாட்டில் ஒரு பிளட் பேங்கில் குரூப் பார்க்கும் டெக்னீசியன். நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். ஆர்.எச். பாசிட்டிவா நெகட்டிவா என்று டியூபை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாத பெண்கள் நாடு முழுக்க இருக்கிறார்கள். பிள்ளை பெறும் வயதில் இருக்கும் அந்தப் பெண்களுக்கு, வாழ்நாளில் ஒரே ஒரு முறை, பாசிட்டிவா நெகட்டிவா என்பதைத் தீர்மானிக்கிற ஆர்.எச்.டி. மரபணுவின் பரிசோதனையை அரசுச் செலவில் செய்து கொடுங்கள். ஐரோப்பியர்களின் இரத்தத்தை வைத்து எழுதிய பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், நம் ஊர் இரத்தத்தில் எந்த மாற்றம் அதிகமோ அதை முதலில் தேடுகிற பரிசோதனையாக அது இருக்கட்டும். கேட்க வந்தது இவ்வளவுதான். ஏன் கேட்கிறேன் என்பது கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுமையாகப் படியுங்கள்.

இந்த மடலைக் கர்ப்பிணிகளும் அவர்கள் வீட்டாரும் படிக்கக்கூடும் என்பதால், உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன். சிவப்பணுவின் மேல் டி என்ற புரதம் இருந்தால் ஆர்.எச். பாசிட்டிவ், இல்லாவிட்டால் நெகட்டிவ். அந்த டி-யைப் பிடித்து ஒட்டுகிற எதிர்ப்புப் பொருள், அதாவது ஆன்டிபாடி, அதன் பெயர் ஆன்டி-டி. கழுவிய சிவப்பணுவில் ஒரு சொட்டு, ஆன்டி-டி ஒரு சொட்டு, இரண்டையும் டியூபில் விட்டு சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி எடுத்தால் அடியில் சிவப்பாக ஒரு பொட்டு உட்கார்ந்திருக்கும். டியூபை மெல்லச் சாய்த்துத் தட்டும்போது அந்தப் பொட்டு ஒரே கட்டியாகப் பெயர்ந்து வந்தால் பாசிட்டிவ். கரைந்து சீராகப் பரவிவிட்டால் நெகட்டிவ். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்கு மேல் இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருப்பார்கள், அந்த ரிசல்ட்டில் யாருக்கும் சந்தேகம் வராது. மீதி இருக்கிற சிலருக்குத்தான் பொட்டு கரையவும் கரையாது, கட்டியாகவும் வராது, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உற்றுப் பார்த்தால் பொடிப்பொடியாக ஏதோ ஒட்டியிருப்பது மாதிரி தெரியும். இன்னும் சிலருக்கு முதல் சுற்றில் சுத்தமாக நெகட்டிவ். அதையே 37 டிகிரியில் வைத்து, சலைனில் திரும்பத் திரும்பக் கழுவி, கூம்ஸ் சீரம் (சிவப்பணுவில் ஒட்டியிருக்கும் ஆன்டிபாடிகளை ஒன்றோடொன்று இணைக்கிற திரவம்) சேர்த்துச் சுற்றினால் அப்போதுதான் கட்டி கட்டும். இதைத்தான் பழைய ஆட்கள் இன்னும் டியூ பாசிட்டிவ் என்கிறார்கள், புதிய ரிப்போர்ட்டுகளில் வீக் டி என்று போடுகிறோம், டி இருக்கிறது, ஆனால் குறைவாக என்று பொருள்.

இப்படிப்பட்ட ஒரு பெண் இரத்ததானம் செய்ய வந்தால் எங்கள் விதிப்படி அவர் பாசிட்டிவ். நெகட்டிவ் என்று வருகிற ஒவ்வொரு தானக்காரரின் இரத்தத்துக்கும் கூம்ஸ் வரை போய்ப் பார்க்க வேண்டும், அதில் துளி டி தெரிந்தாலும் பையில் பாசிட்டிவ் லேபிள்தான் ஒட்ட வேண்டும். அது ஒரு நெகட்டிவ் நோயாளிக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக. அதே பெண் கர்ப்பிணியாக வந்தால் பல மருத்துவமனைகளில் கூம்ஸ் வரை போக மாட்டார்கள், முதல் சுற்றில் கட்டவில்லையா, நெகட்டிவ் என்று எழுதிவிடுவார்கள். அவருக்குள் ஆன்டி-டி உருவாகி வயிற்றுக் குழந்தையின் சிவப்பணுவைத் தாக்கிவிடக் கூடாது என்பதற்காக. பாதுகாப்பு என்று பார்த்தால் இரண்டும் சரியான விதிகள். ஆனால் அந்தப் பெண்ணின் கையில் இரண்டு அட்டை இருக்கிறது, ஒன்றில் பாசிட்டிவ், இன்னொன்றில் நெகட்டிவ், ஏன் என்று இரண்டு அட்டையிலும் எழுதியிருக்காது.

அப்படி ஒரு பெண் தன் மாமியாரோடு எங்கள் கவுன்ட்டருக்கு வந்தது நினைவிருக்கிறது. காலேஜ் கேம்ப்பில் இரத்தம் கொடுத்தபோது வாங்கிய டோனர் கார்டில் பி பாசிட்டிவ். தாய் சேய் நல அட்டையில் பி நெகட்டிவ், பக்கத்தில் சிவப்பு மையில் வட்டம். தாயின் உடம்பு தானாக ஆன்டி-டி உருவாக்காமல் தடுக்கிற ஊசியை ஏழாம் மாதம் போட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள், ஸ்டாக் இல்லாததால் வெளியே வாங்கி வரச் சொல்லியிருக்கிறார்கள், விலை சில ஆயிரம் ரூபாய். "ஏம்மா, ரெண்டுல எது நெசம்? ஒண்ணு தப்புன்னா எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லுங்க, போயி கேக்குறோம்" என்றார் மாமியார். யாரும் தப்பாகப் பார்க்கவில்லை அம்மா, இவங்க இரத்தம் இந்த இரண்டுக்கும் நடுவுல இருக்கு என்று சொல்லிப் பார்த்தேன். அவர் முகத்தில் நம்பிக்கை வரவில்லை, வர வேண்டிய காரணமும் இல்லை. அந்தப் பெண் கேட்டதுதான் சரியான கேள்வி: "அப்ப எனக்கு ஊசி வேணுமா வேண்டாமா மேடம்?" அதற்கு டியூபில் பதில் கிடையாது. ஜெல் கார்டிலும் கிடையாது. அவருடைய முதலாம் குரோமோசோமில்தான் இருக்கிறது, அதைப் படித்துச் சொல்ல எங்கள் மாவட்டத்தில் வழி இல்லை.

வழி இல்லாததால் எல்லாரையும் நெகட்டிவ் என்று வைத்து ஊசி போட்டுவிடுங்கள், கெடுதல் இல்லையே என்று சில டாக்டர்கள் சொல்வார்கள். பரிசோதனை வரும்வரை அதுதான் பாதுகாப்பான வழி, நானும் அதையே சொல்லுவேன். நிரந்தர ஏற்பாடாக அதை வைத்துக்கொள்வதைத்தான் ஏற்க முடியவில்லை. உலகம் முழுக்கப் பார்த்தால் அந்த ஊசி மருந்து பெரும்பாலும் தொழிற்சாலையில் கலந்து எடுப்பது இல்லை. டி-க்கு எதிராக ஆன்டிபாடி உள்ள மனிதர்கள் கொடுக்கிற பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுப்பது. 1968-இல் பயன்பாட்டுக்கு வந்ததிலிருந்து எண்ண முடியாத அளவு குழந்தைகளைக் காப்பாற்றியிருக்கிற, எப்போதும் தட்டுப்பாட்டிலேயே இருக்கிற பொருள். இந்தியாவில் நூற்றுக்கு ஐந்து ஆறு பேர் ஆர்.எச். நெகட்டிவ், ஆண்டுக்குச் சுமார் 2.3 கோடிக் குழந்தைகள் பிறக்கிற நாட்டில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட தாய்மார்கள் உண்மையிலேயே நெகட்டிவ், அவர்களுக்கே இது ஒழுங்காகப் போய்ச் சேருவதில்லை. வீக் டி ஆயிரத்தில் ஒருவருக்குத்தான் என்று வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 23,000 தாய்மார்கள். தேவையில்லாதவருக்குப் போகிற ஒவ்வொரு ஊசியும் தேவைப்படுகிறவரிடமிருந்து எடுத்ததுதான்.

ஊசியோடு முடிந்தாலும் பரவாயில்லை. பிரசவத்தில் இரத்தப்போக்கு நிற்காமல் போய், ராத்திரி ஒரு மணிக்கு பி நெகட்டிவ் இரண்டு யூனிட் வேண்டும் என்று சீட்டு வருகிறது என்று வையுங்கள். ஃப்ரிட்ஜில் பி பாசிட்டிவ் வரிசையாக இருக்கும், நெகட்டிவ் ஒன்றோ இரண்டோ இருந்தால் அதிர்ஷ்டம். கணவன் ஃபோனை எடுத்துக்கொண்டு ஊர் முழுக்கக் கூப்பிடுவார். அந்தத் தாய் பாசிட்டிவ் இரத்தத்தை எந்தப் பிரச்சினையும் இல்லாமல் ஏற்கக்கூடிய வகையைச் சேர்ந்தவராக இருந்திருக்கலாம். அது முன்பே தெரிந்திருந்தால் அந்த ஓட்டம் தேவையே இல்லை.

மறுபக்கம் இதைவிட மோசம். எல்லா டி மாறுபாடும் எண்ணிக்கைக் குறைவு மட்டும் இல்லை. சிலருக்கு டி புரதத்தின் ஒரு பகுதியே இருக்காது, அந்த இடத்தில் வேறு ஏதோ இருக்கும். இதை பார்ஷியல் டி என்கிறோம், அதில் டி ஆறு என்ற வகை எல்லாருக்கும் தெரிந்தது. இவர்கள் வயிற்றில் முழு டி உள்ள குழந்தை வளர்ந்தால், தங்களிடம் இல்லாத அந்தப் பகுதிக்கு எதிராக ஆன்டி-டி உருவாகலாம். முதல் குழந்தை பெரும்பாலும் தப்பித்துவிடும், அடுத்த குழந்தைக்கு இரத்தசோகை, மஞ்சள் காமாலை, சில சமயம் வயிற்றிலேயே உடம்பெல்லாம் நீர் கோத்து இறந்துபோவது. பாசிட்டிவ் என்று கருதப்பட்ட, டி மாறுபாடு கொண்ட ஒரு தாயின் குழந்தை இப்படி இறந்தது 1983-லேயே மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. டோனர் கார்டில் பாசிட்டிவ் என்று இருக்கிறதே, ஊசி வேண்டாம் என்று ஒரு குடும்பம் முடிவெடுத்தால் அது இந்த ஆபத்தில் போய் முடியலாம். ஆக, ஒரே மாதிரிப் பொடிப்பொடியான ரியாக்‌ஷனைக் காட்டுகிற இரண்டு பெண்களில் ஒருவருக்கு ஊசி வீண், இன்னொருவருக்கு ஊசிதான் உயிர். கண்ணால் பார்த்துப் பிரிக்கவே முடியாது.

மரபணுவில் என்ன நடக்கிறது என்று சொன்னால்தான் என் இரண்டாவது கோரிக்கை புரியும். ஆர்.எச்.டி., ஆர்.எச்.சி.இ. என்று இரண்டு மரபணுக்கள், முதலாம் குரோமோசோமில் அருகருகே, வால் பக்கம் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் பத்து எக்ஸான், அதாவது புரதம் செய்வதற்கான குறிப்பு இருக்கிற துண்டுகள். எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டால் சுமார் 97 சதவீதம் ஒன்றேதான். இவ்வளவு ஒற்றுமையோடு இவ்வளவு பக்கத்தில் இருப்பதால்தான் இத்தனை தொல்லையும்: ஒன்றின் துண்டு இன்னொன்றில் போய் உட்கார்ந்துகொள்கிறது, ஒரு துண்டு இரண்டாகிறது, சில சமயம் ஆர்.எச்.டி. முழுசாகவே காணாமல் போகிறது. நம் நாட்டிலும் ஐரோப்பாவிலும் நெகட்டிவ் ஆட்களில் பெரும்பாலோருக்கு அந்த மரபணு மொத்தமாகவே கிடையாது. டி ஆறு வகை, டி-யின் நடுவில் சி.இ.-யின் எக்ஸான்கள் புகுந்ததால் வந்தது.

ஆர்.எச்.டி. கொடுக்கிற புரதம் 416 அமினோ அமிலம் நீளம், சிவப்பணுவின் சவ்வை 12 முறை ஊடுருவி உள்ளும் வெளியுமாகப் போய் வருகிறது. சவ்வுக்குள்ளேயோ செல்லின் உட்பக்கமோ இருக்கிற ஓர் அமிலம் மாறினால் புரதம் சவ்வில் ஒழுங்காகப் போய்ப் பொருந்தாது, எண்ணிக்கை சரிந்துவிடும். சாதாரணமாக ஒரு சிவப்பணுவில் பத்தாயிரத்திலிருந்து முப்பதாயிரம் டி இருக்கும் என்றால் இவர்களுக்குச் சில நூறோ சில ஆயிரமோதான். வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற வளையத்தில் மாறினால் அடையாளமே மாறிவிடும், அதுதான் பார்ஷியல். இந்தப் பிரிவினையும் கறாரானது இல்லை. வீக் டி என்று பெயர் வாங்கிய டைப் 4.2-இலும் ஆன்டி-டி உருவாகியிருக்கிறது. இப்படி ஆர்.எச்.டி.-யில் மட்டும் இதுவரை ஐந்நூறுக்கும் மேற்பட்ட வடிவங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அதனால்தான் வீக் டி பாசிட்டிவ் என்று ரிப்போர்ட்டில் எழுதி நிறுத்திக்கொள்வது ஒரு பதிலே இல்லை என்கிறேன். எந்த வீக் டி என்பதுதான் பதில்.

ஐரோப்பியர்கள் இந்தக் கேள்வியை ஓரளவு தீர்த்துவிட்டார்கள். அவர்களிடம் இருக்கும் வீக் டி-யில் மிகப் பெரும்பகுதி டைப் 1, 2, 3 என்ற மூன்றுக்குள் அடங்கிவிடுகிறது. டைப் 1 என்பது 809-ஆவது எழுத்து மாறி, புரதத்தின் 270-ஆவது இடத்தில் வேலின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் கிளைசின் வந்து உட்கார்வது. இந்த மூன்று வகைக்காரர்களுக்கும் ஆன்டி-டி பயம் இல்லை, பாசிட்டிவ் என்றே நடத்தலாம், ஊசி வேண்டாம் என்று அமெரிக்க நிபுணர் குழு ஒன்று 2015-இல் பரிந்துரைத்தது. அது நல்ல பரிந்துரை, ஆதாரத்தோடு செய்தது. கடையில் கிடைக்கிற மரபணு கிட்டுகள் பலவும் இந்த மூன்றை முன்னிறுத்தித்தான் வருகின்றன. அந்த கிட்டில் நம் ஊர்ப் பெண்ணின் டி.என்.ஏ.-வைப் போட்டால் என்ன வரும்? டைப் 1 இல்லை, 2 இல்லை, 3 இல்லை. காசு செலவானதுதான் மிச்சம், அவர் பழையபடி நடுவிலேயே நிற்பார்.

இதற்குக் காரணம் நமக்குத் தெரியும், நம் நாட்டு அரசு நிறுவனமே கண்டுபிடித்தது. மும்பை பரேலில் கே.ஈ.எம். மருத்துவமனை வளாகத்தில் இருக்கும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) தேசிய இம்யூனோஹீமட்டாலஜி நிறுவனம், 1957-இல் இரத்த வகை ஆய்வு மையமாகத் தொடங்கியது. பாம்பே குரூப் என்ற அபூர்வ இரத்த வகையை 1952-இல் உலகுக்குச் சொன்ன அதே வளாகம். அங்கிருப்பவர்கள் பிரான்சில் பிரெஸ்ட் நகரத்து ஆய்வாளர்களோடு சேர்ந்து இந்தியர்களின் வீக் டி மாதிரிகளை ஆராய்ந்து 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். ஐரோப்பாவில் சகஜமான வகைகள் இங்கே அபூர்வம். அதற்குப் பதிலாக, பாதிக்கும் மேற்பட்டவர்களிடம் ஒரே மாற்றம் இருந்தது, அதுவரை யாரும் பார்க்காத ஒன்று: ஆர்.எச்.டி.-யின் மூன்றாவது எக்ஸான் இரண்டு முறை வருகிறது. வீக் டி டைப் 150 என்று அதற்குப் பெயர்.

இந்த மாற்றம் டி-யை எப்படிக் குறைக்கிறது என்று யோசித்துப் பாருங்கள், ரொம்பத் தெளிவான கணக்கு அது. மூன்றாவது எக்ஸான் 151 எழுத்து. செல் மூன்று மூன்று எழுத்தாகப் படித்துத்தான் புரதம் செய்கிறது. 151-ஐ மூன்றால் வகுத்தால் ஒன்று மிஞ்சும். எக்ஸான் இரண்டு முறை சேர்ந்துவிட்டால் அதற்கப்புறம் படிப்பது முழுக்க ஓர் எழுத்து தள்ளிப்போய், டி உருவாகாமலே நின்றுவிடும். ஆனால் மரபணுவிலிருந்து எடுத்த நகலைச் செல் வெட்டி ஒட்டுகிறபோது சில பிரதிகளில் இரண்டில் ஒன்று மட்டுமே சேர்கிறது, மற்றது விடுபட்டுப் போகிறது. அந்தப் பிரதிகளிலிருந்து வருகிற டி சாதாரண டி-யேதான், ஓர் அமிலம்கூட மாறியிருக்காது. அளவு மட்டும்தான் குறைவு. என்னைப் போல தினமும் டியூபைச் சாய்த்துப் பார்ப்பவர்களுக்கு, அந்தப் பொடிப்பொடி ரியாக்‌ஷனுக்கு இப்படி ஒரு விளக்கம் இருக்கிறது என்று படித்தபோது ஏற்பட்ட மகிழ்ச்சி கொஞ்சநஞ்சம் இல்லை.

இந்த மாற்றத்தை இத்தனை காலம் யாரும் பார்க்காததற்கும் காரணம் இருக்கிறது, உங்கள் கவனத்துக்கு அதை முக்கியமாகக் கொண்டுவர விரும்புகிறேன். எக்ஸான் எக்ஸானாக எழுத்துகளைப் படிக்கிற வழக்கமான சீக்வென்ஸிங்கில் இது தெரியாது. ஏனென்றால் இரண்டு பிரதியும் எழுத்துப்பிழை இல்லாத சரியான எக்ஸான்கள். வீட்டில் என்னென்ன பாத்திரம் இருக்கிறது என்று பார்ப்பது வேறு, ஒவ்வொன்றிலும் எத்தனை என்று எண்ணுவது வேறு. அந்த ஆய்வாளர்கள் எண்ணினார்கள், அதனால் கிடைத்தது. ஆகவே யாராவது ஒரு நிறுவனம் நாங்கள் ஆர்.எச்.டி.-யின் பத்து எக்ஸானையும் படித்துத் தருகிறோம் என்று டெண்டரோடு உங்களிடம் வந்தால், மூன்றாவது எக்ஸானின் எண்ணிக்கையைப் பார்ப்பீர்களா என்று முதல் கேள்வி கேளுங்கள். இல்லை என்றால் அந்தப் பரிசோதனை இந்தியப் பெண்களுக்கு உதவாது.

எல்லா மக்களுக்கும் இப்படித் தனித்தனிக் கதை உண்டு. ஆப்பிரிக்கர்களில் பல நெகட்டிவ் ஆட்களிடம் ஆர்.எச்.டி. முழுசாக இருக்கிறது, ஆனால் அதில் 37 எழுத்து கூடுதலாகப் புகுந்து வேலை செய்யாமல் போய்விட்டது. சீனா, ஜப்பான், கொரியா பக்கம் நெகட்டிவ் என்று வருகிறவர்களில் கணிசமானோர் உண்மையில் டெல் என்ற வகை, 1227-ஆவது எழுத்தில் மாற்றம். ஒரு செல்லில் சில பத்து டி-தான், கூம்ஸிலும் தெரியாது. அந்தந்த நாடுகள் தங்கள் மக்களிடம் எது அதிகமோ அதைத் தேடுகிற பரிசோதனையை வைத்துக்கொண்டன. நீலகிரியில் இருளர், குறும்பர், பணியர் போன்ற பழங்குடிகளிடம் அரிவாள் செல் என்ற பரம்பரை இரத்த நோயின் கூறு இருப்பதை ஆய்வாளர்கள் லேமனும் கட்புஷும் 1952-இல் கண்டறிந்தபோது, அவர்கள் கூடவே இரத்த வகைகளையும் பார்த்தார்கள். அரிவாள் செல் இருக்கிறது என்பதால் ஆப்பிரிக்கர்களின் ஆர்.எச். பட்டியல் அப்படியே பொருந்தும் என்று நினைக்க இடமில்லை என்பதை அப்போதே இந்த மண்ணில் காட்டியிருக்கிறார்கள். 2023-இல் தொடங்கிய அரிவாள் செல் ஒழிப்பு இயக்கம் ஏழு கோடிப் பேரைப் பரிசோதிக்கத் திட்டமிட்டது. நோய் உறுதியாகி, அடிக்கடி இரத்தம் ஏற்ற வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்காவது ஆர்.எச். மரபணுவையும் அதோடு பார்த்துவிடலாம்.

சரி, நடைமுறைக்கு வருகிறேன். எல்லாருக்கும் பரிசோதனை கேட்கவில்லை. ஆண்களுக்கும் பிள்ளைப்பேறு முடிந்த பெண்களுக்கும் இதனால் பெரிய மாற்றம் இல்லை. பெண் குழந்தைகள், பிள்ளை பெறும் வயதுப் பெண்கள், இவர்களில் இரண்டு ஆன்டி-டி ரீஏஜென்ட்டுகள் ஒத்துப்போகாமல் இருந்தாலோ, ரியாக்‌ஷன் மட்டமாக இருந்தாலோ, பழைய ரிப்போர்ட்டும் புதிய ரிப்போர்ட்டும் முரண்பட்டாலோ மட்டும் உறையாமல் தடுக்கிற ஈ.டி.டி.ஏ. டியூபில் இரண்டு மில்லி இரத்தம் எடுத்து அனுப்பினால் போதும். மாநிலத்துக்கு ஒரு ஆய்வகம் இருந்தாலே சமாளிக்கலாம். கோவிட் காலத்தில் அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஆர்.டி.-பி.சி.ஆர். இயந்திரங்கள் வந்து இறங்கின, இயக்கத் தெரிந்த கைகளும் பழகிவிட்டன. டைப் 150-இல் இரட்டிப்புத் துண்டு எந்த இடத்தில் ஒட்டியிருக்கிறது என்பது தெரிந்திருப்பதால், அந்த ஒட்டு முனையைத் தேடுகிற ஒரு பி.சி.ஆர். முதல் கட்டமாக இருக்கலாம். அதில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குப் பதில் கிடைத்துவிடும். மீதிப் பேரின் மாதிரி மட்டும் மும்பைக்குப் போகட்டும். மும்பை நிறுவனத்தை வைத்தே மாநில ஆய்வக ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்கலாம். புதிதாகக் கட்டடம் எதுவும் கட்ட வேண்டியதில்லை.

பரிசோதனையைவிட முக்கியமான ஒரு வேலையும் இருக்கிறது, அது உங்களால் மட்டுமே முடியும். டைப் 150 உள்ள தாய்மார்களை ஒரு பதிவேட்டில் சேர்த்து, பாசிட்டிவ் குழந்தை பெற்ற பிறகு ஆறு மாதம் கழித்து ஆன்டிபாடி வந்திருக்கிறதா என்று பாருங்கள். 1, 2, 3 வகைகளுக்கு ஊசி வேண்டாம் என்று நிபுணர்கள் தைரியமாகச் சொன்னது, அந்த வகைக்காரர்களை வருடக்கணக்கில் கவனித்த ஆதாரம் கையில் இருந்ததால்தான். டைப் 150-க்கு அந்த ஆதாரத்தை ஐரோப்பியர்கள் சேர்த்துத் தர மாட்டார்கள், அவர்களிடம் இந்த வகை சகஜம் இல்லை. வருகிற புரதம் சாதாரண டி என்பதால் நல்ல முடிவு வரும் என்றே எதிர்பார்க்கிறேன். ஆனால் ஒரு டாக்டர் கர்ப்பிணியிடம் ஊசி வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க என் எதிர்பார்ப்பு போதாது, பதிவேடு வேண்டும்.

அப்புறம் தலசீமியா குழந்தைகள். மாதாமாதம் இரத்தம் ஏற்றுகிற பிள்ளைகளுக்கு டி மட்டும் பொருந்தினால் போதாது. ஆர்.எச்.-இன் மற்ற அடையாளங்களான பெரிய சி, சின்ன சி, பெரிய ஈ, சின்ன ஈ, இவற்றோடு கெல் என்ற வேறோர் இரத்த வகை அடையாளமும் பொருந்த வேண்டும். இவை பொருந்தாமல் ஏற்றி ஏற்றி ஆன்டிபாடி வந்த பிள்ளைகளுக்கு யூனிட் கிடைப்பது வரவரக் கஷ்டமாகிவிடும், க்ராஸ் மேட்ச்சில் ஒவ்வொரு பையாக எடுத்துப் பார்த்து ஒதுக்கிக்கொண்டே போவோம், வெளியே அம்மா உட்கார்ந்திருப்பார். மூன்று வாரத்துக்கு முன் இரத்தம் ஏற்றிய பிள்ளையின் டியூபில் இருப்பது பாதி அடுத்தவர் இரத்தம், அதில் குரூப் விவரம் நம்ப முடியாது. டி.என்.ஏ. வெள்ளணுவிலிருந்து வருவதால் அந்தக் குழப்பம் இல்லை. இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை 2024 ஜனவரியில் அரிவாள் செல், தலசீமியா நோயாளிகளுக்கு இரத்த வகை மரபணுப் பரிசோதனையைத் தொடங்கிவிட்டது. நாம் கேட்கிற மாநில ஆய்வகம் வந்தால் அதே மேஜையில் இதையும் செய்யலாம், அதனால் இரண்டையும் சேர்த்தே திட்டமிடுங்கள்.

கடைசியாக அட்டை. பரிசோதனை செய்து ரிசல்ட் வந்து அது ஒரு ஃபைலில் தூங்கினால், அடுத்த பிரசவத்துக்கு வேறு ஊர் ஆஸ்பத்திரிக்குப் போகிற பெண் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். மத்திய அரசின் பிளட் பேங்க் இணையதளமான இ-ரக்த்கோஷில் டி மாறுபாட்டுக்கு என்று ஒரு கட்டம் வையுங்கள், அவரவர் டிஜிட்டல் சுகாதார அடையாளமான ஆபா எண்ணோடு இணையுங்கள். பெண்ணின் கையில் கொடுக்கிற அட்டையில் அவர் மொழியில் மூன்று வரி எழுதுங்கள்: இரத்தம் கொடுத்தால் எப்படி, இரத்தம் ஏற்றினால் எது, கர்ப்ப காலத்தில் ஊசி வேண்டுமா வேண்டாமா. அந்த அட்டையைப் பார்க்கிற கிராம சுகாதார செவிலியருக்கும், ராத்திரி டியூட்டியில் இருக்கும் ஹவுஸ் சர்ஜனுக்கும் வேறு விளக்கம் தேவைப்படக் கூடாது. பரிசோதனை வருவதற்கு நாளாகும் என்றால், அதுவரைக்கும் ஒரு பக்கச் சுற்றறிக்கையாவது எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் பிளட் பேங்குகளுக்கும் அனுப்புங்கள்: இரண்டு அட்டை முரண்பட்டால் கர்ப்பிணியை நெகட்டிவாக வைத்து ஊசி போடுங்கள், ஏன் இரண்டு விதமாக வந்தது என்பதை அவர் வீட்டாருக்குச் சொல்லுங்கள், டோனர் கார்டைக் காட்டினார் என்பதற்காக ஊசியை நிறுத்திவிடாதீர்கள்.

அடுத்த கூட்டத்தின் அஜெண்டாவில் வீக் டி டைப் 150 என்று ஒரு வரி சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பைலட் திட்டமாக ஒரு மாநிலத்தில் தொடங்க நினைத்தால் தமிழ்நாட்டைப் பரிசீலியுங்கள், மாதிரி எடுத்து அனுப்புகிற வேலைக்கு எங்களைப் போன்ற பிளட் பேங்க் ஆட்கள் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓர் இரத்த மைய டெக்னீசியன்